கசப்புவேர் அடுக்கில் ஒரு கம்பளிப்பூ

பசையம்மாவுக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். "எனக்கென்ன பொறாமை? யார்மேல பொறாமை? நான் உண்டு என் வேலை உண்டுன்னு இருக்கேன்" என்பாள். அப்படிச் சொல்லும்போதே கண் ஜன்னல் பக்கம் போகும். ஜன்னலுக்கு வெளியே மலை. மலைமேல் அவளுடைய நாத்தனார்.

முதலில் இந்தப் பசைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, நல்ல நீளமான பெயர்தான். ஆனால் இருபத்துநாலு வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்து காய்ந்த செடிகளைத் தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கிற பெண்ணை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? காவலாளி முதல் டாக்டரம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவள் பசையம்மா.

அவள் வேலை பார்த்தது மருந்துச் செடிகளின் காப்பகம். உயர்ந்த மலைகளில் பூக்கிற மருந்துச் செடிகள் எத்தனை விதம், எந்த உயரத்தில் எது வளர்கிறது, எதை எந்த நோய்க்கு மேய்ச்சல்காரர்கள் அரைத்துக் குடிக்கிறார்கள் என்று டாக்டரம்மாவின் குழு வருஷா வருஷம் ஆராய்ந்துகொண்டிருந்தது. நூறு மீட்டர் ஏறுவார்கள், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டிச் சதுரம் போடுவார்கள், அதற்குள் இருப்பதையெல்லாம் எண்ணுவார்கள், மறுபடி நூறு மீட்டர். பறித்ததைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கி, வாரால் கட்டிக் கொண்டுவருவார்கள். அதற்கப்புறம் எல்லாம் பசையம்மா கையில். தண்டு முரண்டு பிடித்தால் நூல் போட்டுத் தைப்பாள். உதிர்ந்த விதையைக் குட்டி உறையில் போட்டு மூலையில் ஒட்டுவாள். கீழே வலது பக்கம் சீட்டு: எங்கே, எந்த உயரம், யார் பறித்தது, எதற்கு மருந்து. மலையில் நின்றுகொண்டு பறித்தவர் என்ன எழுதினாரோ அதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அந்தச் சீட்டில் ஏற்ற வேண்டும். அது அங்கே சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. அலமாரியிலிருந்து யார் வேண்டுமானாலும் தாளை எடுக்கலாம், பார்க்கலாம். ஆனால் திரும்ப உள்ளே வைப்பது பசையம்மா மட்டும்தான். சாவி அவள் இடுப்பில். பதினோராயிரம் தாளில் ஒன்று தப்பான அடுக்குக்குப் போனால் அது தொலைந்த மாதிரிதான், பத்து வருஷத்துக்கு யார் கண்ணிலும் படாது. இருபத்துநாலு வருஷத்தில் அவள் ஒரு தாளைக்கூட மாற்றி வைத்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே இருந்தது.

அவளும் மலை ஏறினவள்தான், தெரியுமா? பத்தொன்பது வயதில் காப்பகத்துக்குக் கூட்டிப் பெருக்க வந்தாள். அப்பா புத்தகம் பைண்டு செய்கிறவர், பசையோடு பிறந்து வளர்ந்தவள். தாளிலிருந்து பிய்ந்து கிடந்த ஒரு செடியைச் சும்மா இருக்க மாட்டாமல் எடுத்து ஒட்டி வைத்தாள். அதைப் பார்த்து அசந்துபோய் மேசையில் உட்கார வைத்தார்கள். அடுத்து மலைக்கும் கூட்டிப் போனார்கள். மூன்று தடவை போனாள். நாலாவது தடவை மூவாயிரத்து அறுநூறு மீட்டரில் இரைப்பு வந்து, உதடு நீலம் பாரித்து, கோவேறு கழுதைமேல் கட்டிக் கீழே இறக்கினார்கள். கழுதைக்காரன் வழியெல்லாம் "இந்தச் செடி கொஞ்சம் கனம்தான்" என்று சிரித்துக்கொண்டே வந்தான். அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் பார்த்ததெல்லாம் காய்ந்து தட்டையான செடிகளைத்தான். எந்த நீலமும் அவள் மேசைக்கு வரும்போது பழுப்பாகித்தான் வரும்.

இந்த லட்சணத்தில் நாத்தனாரை அந்த இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் பசையம்மாவேதான். வீட்டுக்காரருடைய கடைசித் தங்கை. தையல் கடையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கடையை மூடிவிட்டார்கள். கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற வீட்டுக்காரர், "பாவம்மா அது, உங்க டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்" என்று தினமும் அரித்து எடுத்தார். பசையம்மாவும் போய், "மூட்டை தூக்க ஒரு ஆள் வேணும்னீங்களே" என்று சொல்லிவிட்டு வந்தாள். தன் வாயாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட நாள் அது என்று பின்னால் நூறு தடவை நினைத்துக்கொண்டாள்.

மூட்டை தூக்கப் போனவள் இரண்டே வருஷத்தில் செடி கண்டுபிடிக்கிறவளாகிவிட்டாள். எல்லோரும் மூச்சு வாங்கி உட்காரும் இடத்தில் இவள் பாறை இடுக்கில் தலையை விட்டுக்கொண்டு நிற்பாளாம். குழுவில் அவளுக்கு மலையாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா வேறு, "இவளுக்குக் காலும் ஓடுது கண்ணும் ஓடுது" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனுஷி பசையம்மாவை இருபத்துநாலு வருஷத்தில் பாராட்டியதெல்லாம், "பசை பிசிறில்லாம இருக்கு" என்றுதான்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. மலையிலிருந்து இறங்கினால் மலையாடு ஒரு வாரத்துக்கு ஓயாமல் பேசும்.

"அண்ணி, நாலாயிரம் மீட்டருக்கு மேல ஒரு நீலம் இருக்கு பாருங்க, சொன்னா நம்ப மாட்டீங்க!"

"நான் பார்க்காத செடியா?" என்றாள் பசையம்மா, தட்டைக் கழுவியபடி.

"நீங்க காய்ஞ்சதைப் பார்த்திருப்பீங்க அண்ணி."

வேண்டுமென்று சொல்லவில்லை, அது சூதுவாது தெரியாத பெண். அதுதான் இன்னும் எரிச்சல். வீட்டுக்காரர் கண்ணில் மாட்டிய லென்ஸைக்கூடக் கழற்றாமல், "அப்புறம்? அப்புறம்?" என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பசையம்மா வாழ்க்கையில் ஒருநாளாவது அவர் அவளிடம் "அப்புறம்?" என்று கேட்டதுண்டா? தட்டு நங்கென்று அலமாரியில் உட்கார்ந்தது.

அந்த வருஷம் மழைக்கால முடிவில் வந்த செடிக்கட்டில்தான் அந்தப் பூ இருந்தது. விரல் உயரச் செடி, தரையோடு தரையாக இலை, இலை பூராவும் வெள்ளைக் கம்பளி ரோமம், நடுவில் வாயை இறுக்க மூடிக்கொண்ட ஒரே ஒரு பூ. டாக்டரம்மா அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். தேநீர் நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இலையைப் பார்த்தா கம்பளிப்பூ வகை. ஆனா எந்தக் கம்பளிப்பூவும் இப்படி இல்லை. புதுசுன்னு நினைக்கிறேன். புதுசா இருந்தா நம்ம மலையாடு பேரைத்தான் வைக்கப்போறேன். உலகம் இருக்கிற வரைக்கும் இருக்கும்!" எல்லோரும் கைதட்டினார்கள். பசையம்மாவும் தட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரம்மா பென்சிலால் "கம்பளிப்பூ வகை?" என்று துண்டுச்சீட்டு எழுதிச் செடியோடு வைத்துவிட்டு ஏதோ கூட்டத்துக்கு வெளியூர் போனார். திரும்பி வந்து பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்ப்பதாகச் சொன்னார். செடி காய்ந்ததும் மலையாடு அதைக் கொண்டுவந்து அண்ணியின் மேசையில் வைத்தாள். ஒப்படைத்தால் கையெழுத்து வாங்க ஒரு புத்தகம் உண்டு. சொந்த அண்ணியிடம் யார் கையெழுத்து வாங்குவார்கள்?

பசையம்மா ஒட்டினாள். கோபம் எவ்வளவு இருந்தாலும் கை பிசகாது. ஒட்டி முடித்துச் சீட்டு எழுத மலைக்குறிப்பை எடுத்தாள். மலையாட்டின் கோழிக்கிறுக்கல்:

"4,120 மீட்டர். பாறை இடுக்கு. மூணு செடி இருந்தது, ஒண்ணு எடுத்தேன். மழை, பூ மூடியிருக்கு. மேய்ச்சல்காரம்மா சொன்னது: வேரைக் கஷாயம் வெச்சு மூச்சிரைப்புக்குக் குடிப்பாங்க. எங்க அண்ணிக்கு இருக்கிற மாதிரி."

இரண்டு தடவை படித்தாள். எங்க அண்ணிக்கு இருக்கிற மாதிரி! இவள் மலை உச்சியில் நின்றுகொண்டு, கண்ட கண்ட மேய்ச்சல்காரியிடமெல்லாம் 'எங்க அண்ணி ஒரு சீக்காளி, ஏற முடியாது' என்று பறையடித்திருக்கிறாள். அதைத் தன் கையாலேயே, ஓர் எழுத்து மாற்றாமல், காலாகாலத்துக்கும் நிற்கிற சீட்டில் தானே எழுத வேண்டுமாம். மேலே அவள் பெயர் தாங்கிய பூ, கீழே அண்ணியின் இரைப்பு. அடடா, என்ன பொருத்தம்!

எழுதினாள். சட்டம் சட்டம்தான். ஒரு எழுத்து மாற்றவில்லை. பிறகு தாளைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்குப் போனாள். கம்பளிப்பூ அலமாரியைத் தாண்டினாள். அறையின் அந்தக் கோடியில் கசப்புவேர்ச் செடிகளின் அலமாரி. அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கும் ரோமம் கிடையாது, எல்லாம் வழுவழு இலை. கம்பளி இலையைத் தேடுகிறவர்கள் ஜென்மத்துக்கும் அங்கே கைவைக்க மாட்டார்கள். அடியிலிருந்து மூன்றாவது அடுக்கில் செருகிக் கதவைச் சாத்தினாள். உள்ளே ஏதோ குளிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டரம்மா வந்தார். தேடினார்கள். கம்பளிப்பூ அலமாரியைக் கவிழ்க்காத குறை. காய வைக்கும் தாள்களை ஒவ்வொன்றாக உதறினார்கள். பசையம்மாவும் கூடவே தேடினாள்.

"உங்ககிட்ட வந்துச்சா பசையம்மா?"

"நாளுக்கு நாற்பது வருது டாக்டரம்மா. ஞாபகம் இல்லையே."

கையெழுத்துப் புத்தகத்தைப் புரட்டினால் அந்தச் செடியின் எண்ணுக்கு நேரே கையெழுத்தில்லாமல் வெற்றிடம். மலையாடு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பசைக்கிண்ணத்தைப் பார்த்தாள். "நான்தான்... எங்கயாவது பழைய தாளோட போட்டிருப்பேனோ என்னவோ" என்று சொல்லி அந்தப் பெண் அழுதுவிட்டாள். பழைய செய்தித்தாள்களை முந்தாநாள்தான் எரித்திருந்தார்கள். டாக்டரம்மா கத்தவில்லை. "பொறுப்பு இல்லாதவங்களை நான் மேல கூட்டிட்டுப் போறதில்லை" என்றார், அவ்வளவுதான். அதற்குள் மலையில் பனி விழுந்து வழி அடைத்துவிட்டது. அடுத்த வருஷம் போன குழு அந்தப் பாறை இடுக்கைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் வந்தது. இடம் தெரிந்தவள் கீழே, காயும் செடிகளுக்குத் தாள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

எங்கே உட்கார்ந்து? பசையம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில்!

இப்போதாவது பொறாமை தீர்ந்திருக்க வேண்டும் இல்லையா? எங்கே! எல்லோரும் அந்தப் பெண்ணுக்காக உருகினார்கள். காவலாளி அவளுக்கென்று தேநீர் வாங்கி வந்தான். வீட்டுக்காரர் தங்கை முகம் வாடியிருக்கிறது என்று சாப்பிடாமல் எழுந்துபோனார். "நான் கழுதைமேல வந்தப்போ எனக்கு யார் தேநீர் வாங்கிக் குடுத்தாங்க?" என்று பசையம்மா உள்ளுக்குள் புகைந்தாள். ஆனாலும் பக்கத்து நாற்காலியிலிருந்து ஜன்னலைப் பார்க்கிற அந்தப் பார்வை இருக்கிறதே, அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஒரு வருஷம் பொறுத்தாள். சரி, எடுத்துக் கம்பளிப்பூ அடுக்கிலேயே போட்டுவிடுவோம், யாராவது கண்டுபிடித்ததாக இருக்கட்டும் என்று ஒருநாள் காலையில் சீக்கிரமே வந்து கசப்புவேர் அலமாரியைத் திறந்தாள்.

எல்லா அடுக்கும் காலி.

காவலாளியைக் கேட்டால், "நீங்க போன வாரம் இரைப்புன்னு லீவு போட்டீங்களே, அப்போ டாக்டரம்மாவே மாத்துச் சாவி போட்டுத் திறந்து பெட்டி கட்டி அனுப்பினாங்க. கசப்புவேர் பூராவையும் கடல் தாண்டி ஒரு புரொபசர் ஆராய்ச்சிக்குக் கேட்டாராம். இருநூத்திப் பதினாலு தாள்" என்றான். எண்ணினார்களே தவிர, ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. பசையம்மா வைத்த அடுக்கில் எவன் சந்தேகப்படுவான்?

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து வாசித்துச் சொன்னார். புரொபசர் எழுதியிருந்தது இதுதான்: கசப்புவேர்த் தாள்களில் ரோமம் மூடிய ஒரு செடி இருந்தது. கூடவே பென்சில் சீட்டில் 'கம்பளிப்பூ வகை?' என்று எழுதியிருந்தது. யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று முதலில் சிரித்தேன். பிறகு மூடிய பூவை ஊறவைத்துப் பிரித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, கசப்புவேர்க் குடும்பம். இதுவரை உலகம் அறியாத இனம். இலையைப் பார்த்து ஏமாறாமல், பென்சில் சீட்டையும் மதிக்காமல், இதைச் சரியான அடுக்கில் வைத்த கண் யாருடையது? அவர் பெயரைத்தான் இந்தச் செடிக்கு வைக்க விரும்புகிறேன்.

அறையே பசையம்மா பக்கம் திரும்பியது. அடுக்கில் வைப்பது ஒரே ஒருத்திதானே!

"நான்தான் முட்டாள்" என்றார் டாக்டரம்மா, கண் கலங்கி. "கம்பளிப்பூ கம்பளிப்பூன்னு கத்தி உங்களையும் குழப்பிட்டேன். நீங்க வெக்க வேண்டிய இடத்துலதான் வெச்சிருக்கீங்க. இருபத்துநாலு வருஷமா பசையை மட்டும்தான் பார்த்தேன், கண்ணைப் பார்க்கலை."

பசையம்மா குனிந்து இடுப்புச் சாவியைத் தலைப்பால் மூடினாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டவள் மலையாடுதான். "அண்ணி! தொலைக்கலை அண்ணி, நான் தொலைக்கலை!"

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தான். அதற்கு மறுநாள் வீட்டுக்காரர் லென்ஸைக் கழற்றிவிட்டு, "அப்புறம்? எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் "அப்புறம்". எப்படிச் சொல்வாள்? "எல்லாம் அனுபவம்தான்" என்றாள். ஆறு வாரம் இப்படியே ஓடியது. புரொபசர் கட்டுரையின் அச்சடித்த பக்கம் வந்தது. செடியின் பெயரில் அவளுடைய அந்த நீளப் பெயர், முழுசாக. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், பறித்தவர் என்று நாத்தனார் பெயர். இவள் பெயர் இங்கேயும் வர வேண்டுமா என்று அப்போதுகூட ஒரு கணம் சுருக்கென்றது பாருங்கள், மனசு அப்படிப்பட்ட சாமான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பசையம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மலையாடு ஒரு கட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். எல்லாம் பூ மூடிய செடிகளின் படங்கள்.

"அண்ணி, ஆறு வாரமா தினமும் பார்க்கறேன். மூடின பூவை வெச்சு எது எந்தக் குடும்பம்னு எனக்குச் சுத்தமா தெரியலை. உங்களுக்கு ஒரே பார்வையில தெரிஞ்சிருக்கு. எனக்கு அந்தக் கண்ணே இல்லை."

"அதெல்லாம் வரும்."

"வராது அண்ணி. அடுத்த மாசம் குழு கிளம்புது. திரும்ப வர்றியான்னு டாக்டரம்மா கேட்டாங்க. வரலைன்னுட்டேன். செடியைக் கையெழுத்து வாங்காம வெச்சது என் தப்பு, அது கம்பளிப்பூன்னு நம்பினதும் என் தப்பு. பழைய தையல் கடைக்காரர் வேற இடத்துல திறந்திருக்காராம். பித்தான் தைக்கப் போறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, எதைப் பார்த்து அதை அங்க வெச்சீங்க?"

பசையம்மா மடித்த துணியை மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"உன் பேர் வரக்கூடாதுன்னு பார்த்து வெச்சேன்."

"என்னது?"

"செடியைப் பார்க்கலை. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாரும் தேடாத இடம் எதுன்னு பார்த்தேன். ஒளிச்சு வெச்சேன்டி. எனக்கு வயிறு எரிஞ்சுது. நீ மேல போறே, நான் போக முடியலை. போதுமா?"

மலையாடு கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் படங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஓரம் சரியாக வருகிறதா என்று தட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணரை வருஷமா உங்க பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேனே" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை பசையம்மாவே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். பசையம்மா இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். புரொபசருக்கு எழுதிப் பார்த்தார்கள். அச்சில் ஏறிவிட்ட செடிப் பெயரை மாற்ற எந்த விதியிலும் இடமில்லை என்று பதில் வந்தது. ஆகவே உலகம் இருக்கிற வரைக்கும் அந்தச் செடி பசையம்மாவின் பெயரில்தான் இருக்கும். வீட்டுக்காரர் அன்றைக்கு லென்ஸைக் கழற்றி அவளை வெறுங்கண்ணால் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மலையாடு குழுவோடு கிளம்பினாள். மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தாள். கையெழுத்துப் புத்தகத்தை மேசையில் விரித்து, பேனாவை அதன்மேல் வைத்துவிட்டு நின்றாள். பசையம்மா கையெழுத்துப் போட்டாள். செய்தித்தாளைப் பிரித்தால், அதே செடி. இந்தத் தடவை வெயிலில் பறித்திருக்கிறாள். பூ வாய் திறந்திருந்தது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் பசையம்மா.

"சரிங்க" என்றுவிட்டுப் போனாள் அவள். வெறும் "சரிங்க".

பசையம்மா ஒட்டினாள். பிசிறில்லாமல் ஒட்டினாள். சீட்டில் முதலில் செடியின் பெயர், அதாவது தன் பெயர். பிறகு மலைக்குறிப்பைப் பார்த்து ஓர் எழுத்து மாற்றாமல் ஏற்றினாள். "4,120 மீட்டர். பாறை இடுக்கு. மூணு செடி இருந்தது, ஒண்ணு எடுத்தேன். வெயில். மூச்சிரைப்புக்கு." அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா என்று குறிப்பைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பழைய தாள் புரொபசரிடமிருந்து திரும்பி வந்து மேசை ஓரத்திலேயே கிடந்தது. அதன் சீட்டில், தன் கையெழுத்திலேயே, எங்க அண்ணிக்கு இருக்கிற மாதிரி என்று இருந்தது. பசையம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் யார் யாரைப் பார்த்தோ வயிறு எரிந்திருக்கிறாள். இப்போது அந்தச் சீட்டில் இருக்கிற அண்ணியைப் பார்த்து எரிந்தது.